பதினேழாம் கொக்கி

தையல்காரியைத் தெருவில் எக்ஸ்ரே என்றுதான் சொல்வார்கள். அவள் காதில் விழும்படி சொல்வதில்லை. பால்காரர் அவள் வீட்டுக்கு மட்டும் அளவுப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவார். பட்டன் வாங்கப் போனால் அட்டையிலிருப்பதை எண்ணி முடித்த பிறகுதான் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பாள். யாராவது சிரித்தபடி நலம் விசாரித்தால், "ஏன், ஏதாவது கேள்விப்பட்டீங்களா?" என்பாள். கெட்டவள் கிடையாது. தைக்கக் கொடுத்த துணியில் விரலளவு மிச்சம் வந்தாலும் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தான் ஒழுங்காக இருப்பதால் ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளின் வாசலில் ஒரு வியாழக்கிழமை காலை மியூசியம் மேடம் வந்து நின்றார்.

ஊரின் பழைய ஐஸ் பேக்டரியைத்தான் மியூசியம் ஆக்கியிருந்தார்கள். இருபது வருடம் பூட்டிக் கிடந்த கட்டிடம். சுவருக்கு வெள்ளையடித்து, அம்மோனியா ஓடிய குழாய்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, தண்ணீரை ஊற்றி உறைய வைத்த தகரப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது வந்து பேசுவார்கள். போன மாதம் ஒரு லாரி டிரைவர், ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்து வெயிலில் நாள் முழுக்க ஓட்டிப்போன கதையைச் சொன்னாராம். பேச்சு முடிந்ததும் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் தொப்பி மடிப்பது, பெரிய இடுக்கியால் தெர்மாகோல் கட்டியைத் தூக்குவது என்று ஏதாவது வைப்பார்கள். டீயும் பிஸ்கட்டும் உண்டு. தையல்காரி ஒரு தடவையும் போனதில்லை. சும்மா கூப்பிட்டு டீ கொடுக்கிறவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் போவதாக இல்லை.

"ஐஸ்காரர் வீடு இதுதானே?" என்றார் மேடம்.

"நீங்க யாரு, எதுக்குக் கேக்கறீங்க?"

மேடம் சொன்னார். தையல்காரி மெஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்த நாற்காலியைக் காலி செய்து உட்காரவும் சொல்லவில்லை. மேடம் நின்றபடியே பேசினார்.

"இந்த ஞாயித்துக்கிழமை குடும்ப நாள் வச்சிருக்கோம். அந்தக் காலத்துல பேக்டரிக்குள்ள போறவங்க எல்லாரும் முன்வாசல் பலகைல தன்னோட நம்பர் போட்ட பித்தளை வில்லையை மாட்டிட்டுத்தான் போகணும். வெளிய வரும்போது எடுத்துக்கணும். பலகையைப் பாத்தாலே உள்ள யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சிடும். பலகை எங்ககிட்ட இருக்கு. நாப்பத்தெட்டு கொக்கி. வில்லையெல்லாம் அவங்கவங்க வீட்டோட போயிடுச்சு. இப்ப ஒவ்வொரு வீடா கேட்டு வாங்கிட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை நம்பரைக் கூப்பிடுவோம், அந்த வீட்டுக் குழந்தை வந்து மாட்டணும்."

"மாட்டினா திரும்பக் குடுப்பீங்களா?"

"வேணும்னா குடுப்போம்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"இப்பவே எழுதித் தரேன்," என்று மேடம் பையைத் திறந்தார்.

இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டதுதான் தையல்காரிக்கு உறுத்தியது. கேட்ட உடனே எழுதித் தருகிறவர் எத்தனை பேருக்கு எழுதித் தந்திருப்பார்.

"உங்க அப்பா நம்பர் பதினேழு," என்றார் மேடம். "பின்பக்கக் குளிர் ரூம்ல வேலை பாத்தவங்கள்ல இப்ப இருக்கறது அவர் ஒருத்தர்தான். வில்லையோட அவரும் வந்து கொஞ்ச நேரம் பேசணும். முக்கியமா, அந்த கேஸ் கசிஞ்ச நாளைப் பத்தி."

உள் அறையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு முட்டி வலி. வர முடியாது."

தையல்காரியின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. முந்தின நாள்தான் அப்பா மீன் சந்தைக்கு நடந்து போய், நடந்து திரும்பி, இன்னொரு முறை போகட்டுமா என்று கேட்டார். அதுவும் பேக்டரியைப் பற்றிப் பேசச் சொன்னால் முட்டி வலிக்கிற ஆள் இல்லை அவர். ஐஸ் வெட்டிய கதை, ஈரத் தரையில் வழுக்கி விழுந்த முதலாளி கதை என்று யார் வந்தாலும் அவிழ்த்து விடுவார். ஆனால் கேஸ் கசிந்த நாளைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைச் சொன்னதெல்லாம் அம்மாதான். அம்மா போய் ஆறு வருடமாகிறது.

அம்மா சொன்னதும் ஊர் சொன்னதும் ஒன்றுதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், குழாய் வெடித்து அம்மோனியா பேக்டரி முழுக்கப் பரவியது. பின்பக்கக் குளிர் அறையில் தனியாக இருந்த ஐஸ்காரர் ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தப்பி வந்தார். அந்தத் தைரியத்துக்குப் பரிசாகத்தான் பேக்டரி ஒரு தையல் மெஷினைக் கொடுத்தது. செத்தது ஒரே ஆள். ரொம்ப உயரம் என்பதால் ஏணி என்று கூப்பிடுவார்கள். முன்பக்கத் தொட்டியில் வேலை. கசிந்ததும் மற்றவர்களோடு வெளியே வந்தவர், தன் வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், யாருக்கும் சொல்லாமல் திரும்பவும் உள்ளே போயிருக்கிறார். சாயங்காலம் குளிர் அறை வாசலில் கிடந்தார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. அந்த அறையின் மூலையில் பித்தளை வால்வுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டது. கூட்டம் கலைந்த நேரம் பார்த்துத் திருடப் போனான், மாட்டிக்கொண்டான் என்றது. விசாரணை அறிக்கையும் ஏறக்குறைய அதையே எழுதியது.

ஐஸ்காரரும் ஏணியும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள்.

அன்று சாயங்காலம் டிரைவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தையல்காரியின் புருஷன். பெண்டாட்டியின் சந்தேகங்களோடு பன்னிரண்டு வருடம் குடித்தனம் செய்ததில் எதற்கும் அசராதவர்.

"பித்தளைத் துண்டுக்கு ஒரு மேடம் நேர்ல வருவாங்களா?" என்றாள் தையல்காரி. "லெட்டர் போடலாமில்ல?"

"லெட்டர் போட்டா, ஏன் நேர்ல வரலன்னு கேப்ப."

"விளையாடாதீங்க. இதுல என்னமோ இருக்கு."

"உனக்கு எதுலதான் என்னமோ இல்ல? கல்யாணத்தன்னிக்கு நான் சிரிச்சதுக்கே என்ன காரணம்னு கேட்ட ஆளு."

"இன்னும் சொல்லல நீங்க."

எட்டு வயது மகள் இடையில் புகுந்தாள். "தாத்தா, வில்லை எங்க இருக்கு? நம்ம வீட்ல நான்தானே மாட்டணும்? பக்கத்து வீட்டுப் பிள்ளை இருபத்தி மூணு மாட்டப் போறா."

ஐஸ்காரர் ரொட்டியை டீயில் நனைத்தார். நனைந்தது உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அதைக் கரண்டியால் எடுக்கிறவர்போல நெடுநேரம் குனிந்திருந்தார்.

"அது தொலைஞ்சு போச்சு கண்ணு. எப்பவோ."

தையல்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். அளந்து பார்க்காமலே துணி குறைகிறது என்று சில நேரம் கைக்குத் தெரியும். அப்படித் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் கண்ணைக் கூச வைத்தது. ஒரு இலை அசையவில்லை. கழுத்து வியர்வை துணியில் விழாமலிருக்கத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஏணி மகள் வந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவின் உயரம் அப்படியே. மியூசியத்தில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கையில் நீல நிறச் சீருடை.

"கால் நீளம் பத்தலக்கா. மடிப்பைப் பிரிச்சு இறக்கித் தரணும்."

"பஜார்ல நாலு தையல் கடை இருக்கே. அதையெல்லாம் தாண்டி இங்க வந்திருக்க."

"இங்கதான் தையல் நிக்கும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

ஏணி மகள் சுவரைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், உள் அறைத் திரையைப் பார்த்தாள். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று தையல்காரிக்கு உறுதியாகிவிட்டது. டேப்பை எடுத்து அளந்தபடியே கேட்டாள்.

"மேடம் அனுப்பினாங்களா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். உங்க அப்பா ஞாயித்துக்கிழமை வருவாரா?"

"அவருக்கு முட்டி வலி."

"வண்டி வேணும்னா சொல்றேன், மேடம் அனுப்புவாங்க."

"எதுக்கு இவ்வளவு அக்கறை?"

ஏணி மகள் மடமடவென்று சொன்னாள். இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்து வந்திருப்பாள்போல.

"எங்கப்பா வில்லை அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குக்கா. நாப்பத்திரெண்டு. பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க. 'மீண்டும் உள்ளே சென்ற காரணம் தெரியவில்லை. பித்தளை உதிரிகளை எடுக்கச் சென்றிருக்கலாம் என விசாரணை அறிக்கை கூறுகிறது.' தினமும் காலைல அந்தக் கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்து சத்தமா வாசிக்குதுங்க. மேடத்துக்கு அது எங்கப்பான்னு தெரியாது. சொன்னா வேலை போயிடுமோன்னு சொல்லல."

தையல்காரி டேப்பைச் சுருட்டினாள்.

"உங்கப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அந்த ரூம்ல இருந்தது அவர்தானே. எங்கப்பா உள்ள வந்தப்ப கைல ஏதாவது வச்சிருந்தாரா? அவ்வளவுதான். வால்வு இருந்துச்சுன்னாலும் பரவால்ல. இருந்துச்சுன்னு சொல்லட்டும். எங்கம்மா சாகற வரைக்கும் இதைத்தான் கேட்டுட்டிருந்துச்சு."

"திங்கக்கிழமை வா. தச்சு வைக்கிறேன்," என்றாள் தையல்காரி. அவள் போன பிறகு திரையை விலக்கிப் பார்த்தாள். அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிற முதுகு அப்படி விறைப்பாக இருக்காது.

சனிக்கிழமை மெஷினுக்கு எண்ணெய் விடுகிற நாள். வீட்டில் எத்தனையோ வேலையை அவளிடம் விட்டுவிட்ட ஐஸ்காரர், அந்த ஒரு வேலையை மட்டும் விட்டதில்லை. மெஷின் தலையைப் பின்பக்கம் சாய்த்து, அடியிலிருக்கும் பஞ்சையும் நூல் துணுக்கையும் எடுத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார். மகள்மேல் இருக்கிற பாசம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். உலகத்தில் அவள் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து மெஷினை அவளே சாய்த்தாள்.

அடியில், இரும்பு விலாவோடு சேர்த்துக் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. எண்ணெய் ஊறி ஊறிப் பளபளவென்று இருந்தது. பதினேழு.

பிளேடால் நூலை அறுத்து வில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருட்டுப் பொருள் இல்லையே, அவருடையதுதானே, பிறகு எதற்கு இப்படி ஒளிக்க வேண்டும்? அதுவும் இந்த மெஷினுக்கடியில்? மெஷினைப் பார்த்தாள். அதன் உடம்பில் தங்க நிறப் பூ வேலை அங்கங்கே தேய்ந்திருந்தது. பேக்டரி பரிசு கொடுத்தால் புது மெஷின் அல்லவா கொடுத்திருக்கும். இது வரும்போதே தேய்ந்துதான் வந்தது.

அது வந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏழு வயது. கடையை மூடிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிற ஒரு தையல்காரரிடமிருந்து அப்பா மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தார். காலை நேரம். வண்டிச் சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு அடிக்கடி நின்றது. தபால் ஆபீஸ் முனை வந்தபோது ஒரு பெரிய சத்தம், நிறுத்தாமல் கூவுகிற சத்தம். அப்பா வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். ஓடும்போது திரும்பிச் சொன்னார், "யாரு வந்தாலும் தொட விடாத." அவள் வெயில் ஏறும்வரை மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போகிற வருகிற ஒவ்வொரு ஆளையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது வேறொரு நாள், பேக்டரி கொடுத்த பணத்தில் வாங்கியது, அந்தச் சத்தம் வேறு ஏதோ என்று அம்மா சொல்லியிருந்தாள். ஊரில் எல்லோரையும் குடைந்தவள் அம்மாவை மட்டும் குடையவில்லை.

ஐஸ்காரர் திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் புழுக்கத்துக்கும் சேர்த்துக் கொட்டியது. வெட்டின தலையில் நீர் வழிய உள்ளே வந்தவர் சாய்ந்து கிடந்த மெஷினைப் பார்த்தார். மகள் கையைப் பார்த்தார். துண்டுகூட எடுக்காமல் சீருடைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க அன்னிக்கு உள்ளயே இல்ல," என்றாள்.

"இல்ல."

"தபால் ஆபீஸ் முனைல இருந்தீங்க. என்கூட."

"ஆமா."

"அப்ப சாக்கு சுத்திட்டு வந்தது?"

"அது நான் சொல்லல. யாரோ சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல."

மழைச் சத்தத்தில் அவர் குரல் அமுங்கியது. அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திட்டத்தான் நினைத்திருந்தாள். தலை நீர் சொட்டிச் சீருடைகள் நனைவதுகூடத் தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அது வரவில்லை. பயம்தான் வந்தது.

"அந்தத் தையல்காரர் காலைல ஊரை விட்டுப் போறார், ஆறரைக்கு மேல இருக்கமாட்டேன்னுட்டார். ஆறரைக்குத்தான் எனக்கு ஷிப்ட். லேட்டானா அரை நாள் சம்பளம் போயிடும். முந்தின நாள் சாயங்காலமே வில்லையை ஏணிகிட்டக் குடுத்தேன். உன்னோடதை மாட்டும்போது என்னோடதையும் மாட்டிடு, ஏழு மணிக்குள்ள பின்வாசல் வழியா வந்துடறேன்னேன். அப்பெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் அப்படி மாட்டறதுதான். அவனுக்கு நான் எத்தனை தடவை மாட்டியிருக்கேன்."

"அப்புறம்?"

"சக்கரம் மக்கர் பண்ணிடுச்சு. ஏழு இருபதுக்கு பேக்டரிச் சங்கு ஊதுது. ஓடிப் போய்ப் பாத்தா எல்லாரும் வெளிய நின்னு இருமிக்கிட்டு இருக்காங்க. அவங்கவங்க வில்லையை எடுத்துட்டாங்க. பலகைல ஒண்ணே ஒண்ணு தொங்குது. என்னோடது. வாசல்ல பலகையைப் பாத்துக்கற டைம் கீப்பர், பதினேழு உள்ள இருக்கான், பதினேழு உள்ள இருக்கான்னு கத்தறார். நான் பாய்ஞ்சு போய் எடுத்தேன். இந்தா இருக்கேன்னேன். பலகை காலி. எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாங்க. கேஸ் அடங்கட்டும்னு வெளியவே தண்ணி அடிச்சாங்க."

அவர் முகத்தில் வழிந்த நீரை உள்ளங்கையால் வழித்தார்.

"ஏணியைக் காணோமேன்னு தேடினேன். வீட்டுக்குப் போயிருப்பான்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். சாயங்காலம் என் ரூம் வாசல்ல கிடக்கறான்னு சொன்னாங்க. நான் ஏழு மணிக்கே வந்திருப்பேன்னு அவன் நினைச்சுட்டான். பலகைல பதினேழு தொங்கறதைப் பாத்துட்டு என்னைத் தேடிட்டு உள்ள போயிருக்கான்."

தையல்காரி வில்லையை மடியில் வைத்தாள். அது ஒரு பைசாக் கனம்கூட இல்லை.

"அவரைத் திருடன்னு சொன்னப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமில்ல?"

"வேலை போயிடும்னு முதல்ல பயந்தேன். ஜெயில்ல போட்ருவாங்கன்னு உங்கம்மா பயந்தா. அப்புறம் நாள் போகப் போக, இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயம். அது ஒரு வருசத்துக்கு ஒரு வருசம் பெருசாயிடுச்சு. பேக்டரியை மூடினப்ப தூக்கிப் போட்டுடலாம்னு பாத்தேன். போட மனசு வரல. கண்ணுல படவும் கூடாது."

அவள் அறுந்த கறுப்பு நூலை விரலில் சுற்றினாள். அவர்தான் கேட்டார்.

"நாளைக்கு நான் போய்ச் சொன்னா, இந்தத் தெருல நீ எப்படித் தலை காட்டுவ? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல என்ன சொல்லுவாங்க?"

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. எக்ஸ்ரே என்று கேலி செய்தவர்கள் இனி என்னவெல்லாம் சொல்வார்கள் என்று நினைத்தாலே உடம்பு கூசியது. ஆனால் சுவர்க் கொக்கியில் ஏணி மகளின் நீலச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த உண்மையும் அவங்க துணி மாதிரிதான்ப்பா," என்றாள். "முப்பத்தொரு வருசமா நம்ம வச்சிருக்கோம்."

வில்லையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தாள். பின்கதவு வழியாக நழுவிவிடுவார் என்று நினைத்தாள். அவர் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி முன்னால் நடந்தார். டிரைவர் மனைவியின் காதில், "என்ன நடக்குது?" என்றார். "அங்க வந்து தெரிஞ்சுக்கங்க," என்றாள். தனக்கு விஷயம் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமலிருப்பது அவளுக்கு முதல் தடவையாகச் சந்தோஷம் தரவில்லை.

பழைய தொட்டி இருந்த கூடத்தில் அறுபது எழுபது பேர். பிள்ளைகள் தலையில் காகிதத்தொப்பி. சுவரில் பலகை, வரிசைக்குப் பன்னிரண்டாக நான்கு வரிசைக் கொக்கி. ஐஸ்காரரைப் பார்த்ததும் மேடம் முகம் மலர்ந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். தப்பி வந்தவர் இவர்தான் என்று சிலர் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஏணி மகள் பின்னால் டீ டிரம் பக்கத்தில், பழைய சேலையில் நின்றிருந்தாள்.

மேடம் டைம் கீப்பர்போலத் தொப்பி வைத்துக்கொண்டு நம்பர் கூப்பிட்டார். "மூணு." ஒரு சிறுமி ஓடிவந்து, "உள்ள," என்று கத்திவிட்டு வில்லையை மாட்டினாள். கைதட்டல். "எட்டு." "உள்ள." "பதினொண்ணு." "உள்ள." பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது.

"பதினேழு."

பேத்தி எழுந்தாள். வில்லை அவள் கையில் இல்லை. தாத்தா எழுந்து நின்றிருந்தார். வில்லை அவர் கையில் இருந்தது.

"பதினேழு உள்ள இல்ல," என்றார்.

மேடம் சிரித்தார். விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார். "உள்ளன்னு சொல்லணும் சார்."

"அன்னிக்கு நான் உள்ள இல்லம்மா. எனக்காக இதை மாட்டினது ஏணி."

பிறகு சொன்னார். முந்தின நாள் மழையில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். கூடத்தில் தொப்பிக் காகிதம் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தையல்காரி தலையைக் குனியவில்லை. யார் யார் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணவும் இல்லை. டீ டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ்காரர் பேசி முடித்து, ஆட்களுக்கு நடுவே நடந்து போய் ஏணி மகள் முன்னால் நின்றார். வில்லையை நீட்டினார்.

"நீ ஒரு கேள்வி கேட்டியேம்மா. உங்கப்பா கைல ஒண்ணும் இருந்திருக்காது. என்னைக் கூப்பிடத்தான் வந்தான்."

அவள் வில்லையை வாங்கவில்லை.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க இதை?"

"ஏழரை இருக்கும்."

"எடுக்காம இருந்திருந்தா உள்ள போய்த் தேடியிருப்பாங்க."

"ஆமா."

"உங்களைத் தேடப் போய் அவரைக் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

"அது தோணாத நாள் இல்லம்மா."

அவள் அழவில்லை. டீ ஊற்றிக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் போய், "அந்தக் கண்ணாடிப் பெட்டிச் சாவி குடுங்க," என்றாள். "அது எங்கப்பாவோடது." மேடம் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். அவள் நாற்பத்திரண்டை எடுத்து வந்து பலகையில் அதன் கொக்கியில் மாட்டினாள். எந்தக் குழந்தையும் கத்தவில்லை. அவளே மெல்ல, "உள்ள," என்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பதினேழாம் கொக்கி காலியாகவே இருந்தது. ஐஸ்காரர் வில்லையைப் பலகைக்குக் கீழே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

அன்று தெருவில் யாரும் அவர்களோடு பேசவில்லை. பேசாமலிருந்ததே போதுமாக இருந்தது. திங்கள் காலை பால்காரர் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டாமல் ஊற்றிவிட்டுப் போனார். அதுவும் அவளுக்குச் சுருக்கென்றது. டிரைவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "சாயங்காலம் சீக்கிரம் வரேன்," என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

நீலச் சீருடையை எடுத்தாள். மெஷினில் வைக்கக் கை வரவில்லை. ஊசியில் நூல் கோத்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் தைத்தாள். இரண்டு மணி நேரமானது.

ஒன்பதரைக்கு ஏணி மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. சீருடையை வாங்கி, ஓரத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரலால் இழுத்தும் பார்த்தாள்.

"கைத்தையலா?"

"ஆமா."

"ஏன், மெஷினுக்கு என்ன?"

ஏணி மகள் மெஷினை ஒரு நிமிடம் பார்த்தாள். இது எந்த மெஷின் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"கைத்தையல் நிக்காதுக்கா. குனிஞ்சு நிமிர்ற வேலை எனக்கு. பிரிச்சு மெஷின்ல அடிச்சுக் குடுங்க, இருந்து வாங்கிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்த துணிகளைத் தானே நகர்த்தி வைத்து உட்கார்ந்தாள். தையல்காரி கைத்தையலைப் பிரித்தாள். மிதியை அழுத்தினாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு உள் அறையில் கட்டில் கிரீச்சிட்டது. திரை அசைந்தது, விலகவில்லை.

சீருடையை மடித்து வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். திரையைப் பார்க்காமல் தையல்காரியிடம் சொன்னாள்.

"கண்ணாடிப் பெட்டில எழுதினதை எடுத்துட்டாங்க. புதுசா எழுதறதுக்கு உங்கப்பா வந்து சொல்லணுமாம், மேடம் கேட்டாங்க. பத்து மணிக்கு."

"வருவார்."

"முன்வாசல் வழியா வரச் சொல்லுங்க."